சைபர் காட்டிய கேத்தல்

ஹட்டன் டவுனில், தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்சாரக் கேத்தல்களைப் பொருத்தி விற்கும் ஒரு சிறிய பட்டறையில் வேலை செய்கிறேன். விற்பனைக்குப் போகும் முன் ஒவ்வொரு கேத்தலிலும் கரண்ட் கசிகிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. அதற்கு எந்த மீட்டர் வாங்கலாம் என்று முதலாளி என்னிடம்தான் கேட்டார். கடையிலிருந்து பார்வைக்கு வந்த இரண்டு மீட்டர்களும் என் மேசையில் இருந்தன. அரை மணி நேரத்தில் முடிவு சொல்லிவிட்டேன். வேறெந்தத் தவறையும் நான் இவ்வளவு சுறுசுறுப்பாகச் செய்ததில்லை.

ஒன்று, கைக்கு அடக்கமான இடுக்கி மீட்டர். கேத்தலின் மூன்றாவது வயரான எர்த் வயரை அதன் வாயில் கவ்வக் கொடுத்தால், அந்த வயரில் எவ்வளவு கரண்ட் வருகிறது என்று இலக்கத்தில் காட்டும். இன்னொன்று கனத்த பெட்டி, முள் வைத்தது. மனித உடம்புக்கு ஈடான மின்தடையை அதற்குள் வைத்திருப்பார்கள். அதன் முனையைக் கேத்தலின் உடம்பில் வைத்தால், அங்கே ஒருவர் கை வைத்தால் அவர் வழியாக எவ்வளவு போகும் என்று முள் சொல்லும். எர்த்தோடு ஒரு முறை, எர்த்தைக் கழற்றி ஒரு முறை, வயரை மாற்றிப் போட்டு மறுபடியும் என்று ஒரே கேத்தலை நாலு தடவை பார்க்க வேண்டும். எனக்கு அதைப் பார்த்ததுமே அலுப்பாக இருந்தது.

முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், முன்பு வாத்தியாராக இருந்தவர். "பெட்டியை ஏன் வேண்டாமெண்டுறீர், பிள்ளை?" என்று கேட்டார்.

"அது பழைய முறை சார். இது ரெண்டு செக்கன்ல காட்டிரும். கசியிற கரண்ட் எல்லாம் எர்த் வழியாத்தானே போகும்?"

"படிச்சது நீர். உமக்குச் சரியெண்டால் சரி."

படித்தவள்தான். வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து தொழில்நுட்பக் கல்லூரி வரை போனவள் என்ற தலைக்கனமும் கொஞ்சம் இருந்தது. ஆனால் ஒற்றை அறைக் காம்பராக்களை ஒட்டி ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தில் எதிலும் எர்த் கிடையாது. ஒரே வயரிலிருந்து வரிசையாக இழுத்த கரண்ட். அயர்ன் பெட்டியைத் தொட்டால் விரலில் கரண்ட் கூசும், ரேடியோவைத் தொட்டாலும் கூசும். அதற்காக ஒவ்வொரு வீட்டிலும் பிளக் பக்கத்தில் ஒரு பலகைத் துண்டு கிடக்கும். அம்மா அதில் ஏறி நின்றுதான் எதையும் தொடுவார். பலகையில் நிற்பது எங்களுக்குச் செருப்புப் போடுவது மாதிரி சாதாரண விஷயம். அது ஒரு கோளாறு என்று படிப்பு முடித்த பிறகும் எனக்குத் தோன்றவில்லை.

முதல் தொகுதி முடிந்ததும் ஆளுக்கொரு கேத்தல் எடுத்துக்கொள்ளச் சொன்னார் முதலாளி. என் தங்கை அதே லயத்தில், புருஷனோடும் கைப்பிள்ளையோடும் இருக்கிறாள். தோட்டத்தில் கொழுந்து எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவளுக்குக் கொடுக்க நினைத்தேன். ஏதோ ஒன்றை எடுக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் மறுபடி அளந்தேன். ஒன்றில் கொஞ்சம் கூடக் காட்டியது, இன்னொன்றில் குறைவாக. ஒரே ஒரு கேத்தலில் சுத்தமாகச் சைபர். ஒரு சொட்டுக் கசிவும் இல்லை என்று பூரித்துப் போய் அதையே தனியாக எடுத்து வைத்தேன். அத்தனையிலும் நல்லது இதுதான் என்று சொல்லித்தான் அவளிடம் கொடுத்தேன்.

மழைக்காலம் தொடங்கியதும் தங்கை போன் பண்ணினாள்.

"அக்கா, கேத்தல் லேசா கூசுதுக்கா."

"லயத்துக் கரண்ட்டு அப்படித்தான்டி. கேத்தல்ல ஒன்னும் இல்ல, நான் அளந்து பார்த்தேன். பலகையில நின்னுக்க."

"சரிக்கா."

இவ்வளவுதான் பேசினோம். வட்டவளை ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம். நான் போகவில்லை.

ஒரு சாயங்காலம் மலையிலிருந்து நனைந்தபடி வந்தவள், பிள்ளை பாலுக்கு அழுததால், ஈரக் காலோடு, பலகையை மறந்து, கொதித்த கேத்தலைச் சுவிட்ச் அணைக்காமல் தூக்கினாள். கரண்ட் கையைச் சுண்டியது. கேத்தல் கவிழ்ந்து கொதிதண்ணீர் முழுவதும் வலது கையில் கொட்டியது. பிள்ளை மேல் ஒரு துளியும் படவில்லை. அவளுடைய மூன்று விரல்கள் ஆறியபோது மடங்கியபடியே ஒட்டிவிட்டன. அந்தக் கை இனிக் கொழுந்து எடுக்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

கேத்தலைப் பட்டறைக்கு எடுத்து வந்து இடுக்கியைப் போட்டேன். அப்போதும் சைபர்தான். முதலாளி போய் அந்தப் பெட்டி மீட்டரை வாங்கி வந்து மேசையில் வைத்தார். முனையைக் கேத்தலின் உடம்பில் வைத்தேன். முள் கடைசிக் கோட்டில் போய் முட்டியது. அடிப்பாகத்தைக் கழற்றினேன். எர்த் வயரின் நுனி கேத்தலின் உடம்பைப் பிடிக்கவே இல்லை, பக்கத்தில் சும்மா கிடந்தது. உடம்போடு சேராத வயரில் கரண்ட் எப்படி வரும்? கசிந்ததெல்லாம் கேத்தலின் உடம்பிலேயே நின்றிருக்கிறது. நான் கொண்டாடிய சைபருக்கு அர்த்தம் அதுதான். இருந்ததிலேயே மோசமான கேத்தலைத் தேடி எடுத்து என் தங்கைக்குக் கொடுத்திருக்கிறேன்.

விற்ற கேத்தல்களையெல்லாம் முதலாளி திரும்ப வரவழைத்தார். இப்போது ஒவ்வொன்றையும் பெட்டி மீட்டரில் நாலு தடவையும் பார்த்த பிறகே வெளியே விடுகிறேன். அதில் எனக்கு எந்த ஆறுதலும் இல்லை.

தங்கைக்குப் பிள்ளைக் காம்பராவில் உதவி வேலை கிடைத்தது. மற்றவர்கள் கொழுந்துக்குப் போகும்போது அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். யார் கேட்டாலும் கால் வழுக்கிவிட்டது என்றே சொல்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். மீட்டரைத் தேர்ந்தெடுத்தது நான், சைபரைப் பார்த்து ஏமாந்தது நான், போனில் பலகை என்று சொன்னதும் நான். அவள் தலையைக் குனிந்து பிள்ளையின் சட்டைப் பொத்தானை இடது கையால் போட்டுக்கொண்டிருந்தாள். பொத்தான் துளைக்குள் போகவில்லை. நான் கை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அவள் புருஷன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கோபமே இல்லாமல், பழைய கதை சொல்வது மாதிரி சொன்னார்.

"கூசுதுன்னதும் தூக்கி வெளிய போடுன்னு நான் சொன்னேங்க மதினி. இவதான் கேக்கல. ரெண்டு நாளு சண்ட போட்டா என்கூட."

"சும்மா இருங்க," என்றாள் தங்கை.

அவர் நிறுத்தவில்லை. "எங்கக்கா அத்தனையிலயும் நல்லதா பார்த்து எனக்குன்னு எடுத்து வச்சது, அதப் போயி வெளிய போடச் சொல்றீங்களேன்னு அழுதா மதினி."