இரண்டு வெட்டுள்ள ராம்

ஆயுத பூசைக்குத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், எங்கள் காம்பராவில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, அம்மாவின் பழைய கொழுந்துக் கூடை, அம்மி, ரேடியோ. தம்பியின் கம்ப்யூட்டருக்கும் வருடா வருடம் உண்டு, ஆனால் பெட்டிக்கு வெளியேதான். அந்த வருடம் உள்ளே காற்றாடி சரியாகச் சுற்றாமல் பெட்டி சூடேறியதால் பக்கத்துத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். உள்ளே இருந்ததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. ஒன்றுக்கு வைத்துவிட்டு இன்னொன்றை விட அம்மாவுக்கு மனசு வரவில்லை. சந்தனத்தைத் தண்ணீராகக் குழைத்து, தெரிந்த பாகங்களுக்கெல்லாம் தொட்டு வைத்திருக்கிறாள். மறுநாள் காலையில் வழக்கம்போல சுவிட்சைப் போட்டாள். பெட்டி நீளமாகக் கத்தியது. திரையில் ஒன்றும் வரவில்லை.

நான் அப்போது தம்புள்ளையில் மரக்கறி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து எந்த ஊரிலும் ஒரு வருடம் முழுசாக நின்றதில்லை. அம்மா போனில் அழுதாள்.

“பெரியவனே, தம்பி வாயக் கட்டிப்புட்டேன்டா.”

தம்பி சவுக்கு மரத்தில் கிளை வெட்டப் போய் விழுந்தவன். மண்டையிலும் கழுத்திலும் அடி. உயிர் தங்கியது. பேச்சு போய்விட்டது. வலது கைப் பெருவிரல் மட்டும் அசையும். பல வருடங்களுக்கு முன் மாதா கோயில் பாதிரியார் ஒருவர் ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டி வந்தார். அவர்தான் அந்தக் கம்ப்யூட்டரையும் ஒரு பெரிய பட்டனையும் கொடுத்துவிட்டுப் போனார். திரையில் தமிழ் எழுத்துகள் வரிசை வரிசையாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது தம்பி பட்டனை அமுக்குவான். ஒரு வார்த்தைக்கு ஒரு கிளாஸ் தேத்தண்ணி ஆறிவிடும். ஆனாலும் அவன் பேசினான். எங்களைக் கேலி பண்ணினான். பக்கத்துக் காம்பராக்காரரின் குறட்டையைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறான்.

நான் வீடு வந்து சேர்ந்தபோது அவன் கத்திக்கொண்டிருந்தான். வார்த்தை இல்லாத கத்தல்.

“மெசின் நின்னதுலேருந்து இப்படித்தான்,” என்றாள் அம்மா. “எம்மேல கோவம்.”

பெட்டியைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்து ஹட்டனுக்குக் கொண்டுபோனேன். ரிப்பேர் கடைக்காரர் என்னைவிட இளையவர். சாக்கைப் பிரித்ததும் மூக்கைக் கிட்டக் கொண்டுபோனார்.

“என்னண்ணே, சந்தன வாசம் வருது? கும்பாபிசேகம் எதுவும் நடந்துச்சா?”

சொன்னேன். சிரிக்காமல் இருக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டார்.

“எங்கம்மா ஏம் பைக் சாவி ஓட்டையில குங்குமத்த அப்பி அடைச்சிருச்சு. எல்லா வீட்டுலயும் இதே கூத்துதான்.”

பிரஷாலும் ஸ்பிரிட்டாலும் துடைத்து, மின்சாரம் கொடுத்து, கத்தலைக் காது கொடுத்துக் கேட்டார். “போர்டு தப்பிருச்சுன்னு நெனைக்கிறேன். ராம், அதாவது மெசினோட ஞாபகத் தகடு, இல்லாட்டி இப்படித்தான் கத்தும். ரெண்டு ராமும் செத்துப் போச்சு. போட்டுப் பாக்க எங்கிட்ட இந்த மெசின் காலத்துப் பழைய ராம் ஒண்ணு கூட இல்ல.”

“புது மெசின்ல அந்தப் பட்டனப் போட முடியாதா?”

அதையும் பார்த்தார். பட்டனின் வயரைச் செருகும் வாய் புதியவற்றில் இல்லை. ஏதோ ஒட்டு வயர் போட்டுச் செருகினாலும் அந்தப் பழைய புரோகிராம் திறக்கவே இல்லை. வெள்ளைக்காரர் எந்த நாட்டுக்குப் போனார் என்று யாருக்கும் தெரியாது. பாதிரியாரும் இறந்துவிட்டார்.

கருகிய ராமை என் கையில் கொடுத்தார். சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவான பச்சைத் தகடு. “கீழ பாருங்க, ரெண்டு வெட்டு இருக்கா? இதுக்குப் பொறகு வந்ததுல எல்லாம் ஒரு வெட்டுதான். ரெண்டு வெட்டு உள்ளதத் தேடுங்க.”

அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். ஹட்டனில் எந்தக் கடையிலும் இல்லை. மஸ்கெலியாவில் முன்பு கம்ப்யூட்டர் வகுப்பு நடந்த வீடு ஒன்று இருந்தது. வகுப்பு நடந்த அறையில் இப்போது கோழிகள். மூலையில் கிடந்த பெட்டிகளை வீட்டுக்கார அம்மா காட்டினார். “எடுத்துக்கங்க. ஆனா கோழிய வெளிய விட்றாதீங்க.” எச்சத்தைச் சுரண்டிவிட்டுத் திறந்தேன். ஒன்றில் இரண்டு வெட்டுள்ள ராம் இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அதை எடுத்து எடுத்துப் பார்த்தேன். வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

செருகினோம். பெட்டி அதே மாதிரி கத்தியது.

கடைக்காரர் போனில் வெகுநேரம் தேடி வாசித்தார். “அண்ணே, வெட்டு மட்டும் சரியா இருந்தாப் பத்தாதாம். இதப் பாருங்க, ஒரு பக்கந்தான் சில்லு. ஒவ்வொரு சில்லும் இந்தப் போர்டுக்குத் தாங்காத அளவு பெருசு. ரெண்டு பக்கமும் எட்டு எட்டா சின்னச் சில்லு இருக்கிறதுதான் இதுக்குப் பிடிபடுமாம்.”

வீட்டில் தம்பி சாப்பிட மறுத்தான். காய்ச்சல் வந்தது. ஆமாம் என்றால் கண்ணை மூடித் திறப்பான், அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம். பசிக்குதா? குளிருதா? வயிறு வலிக்குதா? முதுகுப் புண்ணா? பல்லா? கண் மூடவில்லை. கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவான், பிறகு கண்ணை இடது பக்கம் திருப்பி அப்படியே வைத்திருப்பான். இடது பக்கம் கம்ப்யூட்டர் மேசை இருந்தது.

“மெசினத்தான் கேக்குறான்,” என்றாள் அம்மா. மேசை காலியாக இருந்தது. “அண்ணன் கொண்டாருவான்யா, பொறு,” என்று அவன் கம்பளிக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டாள். தோட்டத்து மருந்துக்காரர் வந்து தொட்டுப் பார்த்து, காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்.

நுவரெலியாவுக்குப் போனேன். மரக்கறிச் சந்தைக்குப் பின்னால் பழைய டீவி, ரேடியோ அடைத்த கடை. சிங்களவர், தமிழ் பேசுவார், தம்பி என்பதை மட்டும் ‘மல்லி’ என்பார். நான் நீட்டிய தகட்டைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

“ஐயோ மல்லி, போன வாரம் வந்திருக்கணும். ஒரு சாக்கு நிறைய இருந்துச்சு. தங்கத்துக்கு வாங்குறாங்க. இந்தப் பல்லுல தங்கம் பூசியிருக்கு இல்ல? அத உருக்கி எடுக்கிறாங்க.”

தம்பிக்காக என்று விவரம் சொன்னேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பாதியும் தமிழில் பாதியும் சொன்னேன். அவர் கடைக்குள் போனார். அவருடைய வேலை மேசையின் ஒரு காலுக்கு முட்டாக ஒரு பழைய பெட்டி இருந்தது. மேசையில் இருந்ததையெல்லாம் இறக்கி, என்னை ஒரு பக்கம் தூக்கச் சொல்லி, அந்தப் பெட்டியை இழுத்துத் திறந்தார். இரண்டு வெட்டு. திருப்பிப் பார்த்தேன். இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு. ஒன்றே ஒன்று.

“வேலை செய்யுமான்னு எனக்குத் தெரியாது,” என்றார். “மழையில இருந்தது.”

ஹட்டனில் செருகியதும் கத்தல் நின்றது. கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள் ஓடின. கடைக்காரர் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

வீட்டில் மேசையில் வைத்து, பட்டனைத் தம்பியின் விரலுக்குக் கீழே கட்டினோம். காய்ச்சலில் பெருவிரல் தப்பித் தப்பி அமுக்கியது. தவறான எழுத்து விழுந்து விழுந்து அழிந்தது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. வழக்கமாகப் பக்கத்துக் காம்பரா மருமகள்தான் வந்து வாசித்துச் சொல்வாள். அன்று நான் நின்றேன். நானும் மெதுவாகத்தான் வாசிப்பேன், அவனும் மெதுவாகத்தான் எழுதினான்.

இடது காது. பூச்சி.

குல்லாவைக் கழற்றினேன். நாற்றம் முகத்தில் அடித்தது. தலையணையின் இடது பக்கம் எப்போதும் அவன் எச்சிலில் நனைந்துதான் இருக்கும். அதில் சீழ் கலந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. அவன் மேசையைப் பார்க்கவில்லை. காதைப் பார்க்க முடியாதவன், அது இருக்கும் பக்கத்தையாவது காட்டப் பார்த்திருக்கிறான். தலையிலிருந்து கால்வரை ஒவ்வொன்றாகக் கேட்டோமே, காது எங்கள் நினைவுக்கு வரவில்லை.

ஆட்டோவில் மடியில் போட்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் இடுக்கியால் ஒரு கரப்பான்பூச்சியை மூன்று துண்டாக எடுத்தார். சவ்வு அழுகிப் போயிருந்தது. அந்தக் காது இனிக் கேட்காது என்றார். உள்ளே எலும்புவரை போகாமல் தப்பியதே பெரிது என்றார். வார்டில் அவனுக்கு மறுபடியும் பேச்சு இல்லை, பெட்டியை அங்கே வைக்க இடமில்லை. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உடம்பில் உள்ள எல்லாவற்றின் பெயரையும் வரிசையாகச் சொல்லி, வலிக்குதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு அம்மா ஒருநாள் அவன் வலது பக்கம் வந்து நின்றாள்.

“எப்பலேருந்துய்யா அந்தப் பூச்சி?”

அவன் எழுத ஆரம்பித்தான். நான் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டு வந்தேன். இன்னும் எழுதிக்கொண்டிருந்தான்.

மெசின் நின்ன மறுநாள்.

“என்னா எழுதுறான்?” என்றாள் அம்மா.

“ஆஸ்பத்திரி போனதுக்கு முந்துன நாளாம்,” என்றேன்.

“அப்படியா சாமி?” என்று அவனைக் கேட்டாள். அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு கண்ணை மூடித் திறந்தான்.

மழையில் கிடந்த ராம் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று ஹட்டன் கடைக்காரருக்கும் சொல்லத் தெரியவில்லை. மாற்றுக்கு ஒன்றாவது வேண்டும் என்றார். இப்போதும் நான் வேலைக்காக ஊர் ஊராகப் போகிறேன். குருநாகல், வவுனியா, கொழும்பு என்று எங்கே இறங்கினாலும் பழைய சாமான் கடைக்குத்தான் முதலில் போகிறேன். தங்கத்துக்கு வாங்குகிறவர்கள் எனக்கு முன்னால் வந்து போயிருக்கிறார்கள். இதுவரை கிடைத்ததெல்லாம் ஒரு வெட்டு, அல்லது ஒரு பக்கச் சில்லு.