சிவப்புக் காருக்கு விலை ஏறிய வருடம்

இப்போது கைபேசியில் அந்த மாதிரிக் கார் விற்கிற விலையைப் பார்த்தால், பூச்சியத்தை எண்ணிச் சரிபார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். எனக்கு ஒன்பது வயதில் அதன் பெயர் "ஊருக்கு உதவாத கார்".

உடுப்பிட்டியில், பெரியம்மா வீட்டு மாட்டுக்கொட்டிலில் மாடு இருந்ததில்லை. பெரியப்பாவின் கார் இருந்தது. தட்டையான, கன்வஸ் கூரையை மடித்துவிடக்கூடிய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. பொம்பிளை மாப்பிள்ளையை ஏற்றினால் தோழனுக்கு இடமில்லை. சந்தைக்குக் கொண்டுபோனால் ஒரு வாழைக்குலைக்கு மேல் ஏறாது. சண்டைக்காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடி, இருமி இருமி நின்றுபோனது. அதன் பிறகு ஒரு நாள் பெரியப்பா சைக்கிளில் நெல்லியடிக்குப் போனார். திரும்பி வரவில்லை. நான் பிறப்பதற்கு முந்திய கதை.

போர் முடிந்து கொழும்புப் பாதை திறந்ததும் முதலில் பழைய இரும்புக்காரர் வந்து நிறுவைக்குக் கேட்டார். பெரியம்மா கொடுக்கவில்லை. பிறகு கொழும்பிலிருந்து ஒருவர் படம் எடுத்துப் போய், தொலைபேசியில் ஒரு விலை சொன்னார். இரண்டு விலைக்கும் சொந்தபந்தமே இல்லை.

தண்ணீர்ப் பம்பு திருத்துகிற சித்தப்பா அன்றே கொட்டிலுக்குள் புகுந்துவிட்டார். குண்டு போட ஆகாயத்தில் வருகிறவன் கண்ணில் படக்கூடாதென்று பெரியப்பா கேற்றுக்குப் பூசுகிற பச்சைப் பெயின்றைத் தென்னந்தும்பால் காருக்கு அடித்திருந்தார். எட்டு மாதமாகச் சித்தப்பா சுரண்டச் சுரண்ட, அடியிலிருந்து சிவப்பு வந்தது. மண்ணெண்ணெய்க் கரி முழுவதையும் துடைத்து எடுத்தார். விற்ற காசில் பெரியம்மாவின் பாதிக் கூரைக்கு ஓடு போடுவதாகத் திட்டம். ஷெல் விழுந்த அந்தப் பாதிக்குத் தறப்பாள்தான் அதுவரை கூரை.

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன், அண்ணி," என்று ஒருநாள் கை கழுவிக்கொண்டே சிரித்தார். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெரியம்மா செம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்குப் பழமொழிகள் பிடிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கொழும்பார் வந்த அன்று இயந்திரம் சாவியின் முதல் திருகலிலேயே உறுமியது. வாங்கினால் கோயிலடி வரைக்கும் ஒரு சுற்றுக் கொண்டுபோகிறேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்தார்.

"பெரிய பேர் உள்ள கார் எல்லாம் எட்டாத விலைக்குப் போயிட்டுது. இப்ப ஆக்கள் இதைத்தான் தேடுறாங்க," என்றார். பிறகு, "காரின் பதிவுப் புத்தகம் யாருடைய பேர்ல?"

"அண்ணையின்ரை பேரிலை."

"அவர் கையெழுத்து வைக்கணுமே."

சித்தப்பா கையிலிருந்த துணியை மடித்தார், விரித்தார். "அவரைப் பதினாலு வருசமாக் காணேல்லை, ஐயா."

கொழும்பார் தொப்பியைக் கழற்றினார். நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்: "மன்னிக்கணும். காணாமல்போன ஆக்களுக்கும் இப்ப மரணச் சான்றிதழ் குடுக்கிறாங்க. அது இருந்தா இவங்க பேருக்கு மாத்தலாம்."

"அதுக்குக் கடிதம் குடுக்கிற விதானையார் எங்கடை ஆள்தான், அண்ணி," என்றார் சித்தப்பா அவசரமாக. "நீங்கள் ஒரு கையெழுத்து வைச்சால் காணும். மழைக்கு முதல் கூரை போட்டிடலாம்."

பெரியம்மாவின் நெற்றியில் எப்போதும் போல் பெரிய குங்குமப் பொட்டு. வியர்வையில் ஓரம் கரைந்திருந்தது. என் கோயிலடிச் சுற்று கைநழுவிப் போவது எனக்குத் தெரிந்தது.

"ஒரு கடுதாசிதானே பெரியம்மா, எடுத்துக் குடுங்கோவன்!"

சித்தப்பா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். "உவ பெரிய மனிசி! உள்ளுக்குப் போ!"

"அவளை ஏன் குட்டுறாய்?" என்றார் பெரியம்மா. "நீ கேட்டதைத்தானே அவளும் கேட்டவள்."

பிறகு கொழும்பார் பக்கம் திரும்பினார். "ஐயா, தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ. கார் விக்கிறதில்லை."

அவர் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேட்டார். பெரியம்மா பருத்தித்துறை வடைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். அவ்வளவுதான்.

அந்தக் கார்த்திகை மழையில் வீட்டிலுள்ள சட்டி பானையெல்லாம் ஒழுக்குக்கு ஏந்தி நின்றன. சித்தப்பா தைப்பொங்கல் வரை பெரியம்மாவோடு கதைக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து இயந்திரத்தை ஓடவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் வேறொருவர் இரட்டிப்பு விலை சொன்னார். பெரியம்மா அதற்கும் அசையவில்லை. ஊர் பேச்சை மாற்றிக்கொண்டது. "உங்கடை பெரியம்மா வலு கெட்டிக்காரி, பிள்ளை. பொறுத்தார் பூமி ஆள்வார்," என்றார் கடைக்காரர். எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது போலிருந்தது. பெரியம்மா விலை ஏறும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

ஒருநாள் காலை எனக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்த பெரியம்மாவிடம், "இன்னும் எவ்வளவு ஏறினால் குடுப்பியள்?" என்று கேட்டேன். சீப்பு தலைமயிருக்குள்ளேயே நின்றது. பிறகு மறுபடி இழுத்து, வழமையைவிட இறுக்கமாகப் பின்னிவிட்டார். தொகை எதுவும் சொல்லவில்லை.

எவ்வளவு ஏறினால் பெரியம்மா விற்பார் என்று அன்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். நானே ஒரு தொகையைச் சொல்லிவிட்டேன்.