நொண்டுவதைப் பார்த்தவன்

விளையாட்டுச் சங்கச் செயலாளர் வேலை என்பது, விளையாட வருகிறவர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புகிற வேலை. இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஏச்சு வாங்கிய மற்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

யாருக்குக் கோப்பை

ராணுவத்தில் நான் போலோ ஆடியவன். குதிரை மேலிருந்து நீளக் கோலால் பந்தடிக்கிற ஆட்டம். ஓய்வுபெற்றுத் திருநெல்வேலிக்கு வந்ததும், சாம்பியன் என்று மாவட்டச் சங்கத்துக்குச் செயலாளராக்கினார்கள். பாராட்டு விழாவுக்குப் பந்தல் போட்ட அண்ணாச்சி என் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓடுனது குதிரை. ஒமக்கு எதுக்குவே கோப்பை?"

கம்பளம்

அந்தக் கோப்பைக்கான ஆட்டத்தில், கடைசிச் சுற்றுக்கு முன் என் பெண்குதிரை முன்னங்காலைத் தாங்கித் தாங்கி வைத்தது. போலோவில் சுற்றுக்குச் சுற்று குதிரை மாற்றுவதுதான் வழக்கம். இதைப்போலத் திரும்புகிற குதிரை வேறில்லை என்று அதிலேயே ஏறினேன்.

ஜெயித்தோம். சிறப்பாக ஆடிய குதிரைக்குக் கம்பளம் போர்த்துவார்கள். அதற்கே போர்த்தினார்கள். மூன்று காலில் நின்று வாங்கிக்கொண்டது. சாயங்காலம், அந்தக் கால் இனித் தேறாது என்று மருத்துவர் ஊசி போட்டு அதன் உயிரை முடித்துவைத்தார். அதைப் பராமரித்த சுடலை எங்கள் பக்கத்து ஆழ்வார்குறிச்சிக்காரன். கம்பளத்தை மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"அது நொண்டுதது ஒங்களுக்குத் தெரியும்லா அண்ணாச்சி."

வலது முழங்கால்

போன வருஷம் மாநில கபடி அணிக்கு எங்கள் மாவட்டத்தில் ஆள் தேர்வு நடத்தினோம். முக்கூடல் பேச்சியம்மாள் நன்றாக ஆடினாள். இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி. இல்லையென்றால் படிப்பு அதோடு சரி. மருத்துவச் சான்றிதழும் சரியாக இருந்தது. ஆனால் கோட்டருகே திரும்பும்போது வலது காலைத் தாங்கினாள். வேறு யாரும் கவனிக்கவில்லை.

பட்டியலில் அவள் பெயரை அடித்தேன். அவளைப் பார்த்து அடித்தேனா, குதிரையை நினைத்து அடித்தேனா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பீடி சுற்றுகிற அவள் அம்மா அலுவலகத்துக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. பையக் கேட்டாள்:

"அத்தன பேரு இருக்கையில நீங்க மட்டும் எதுக்கு சார் அவ காலப் பாத்திய?"

பத்து மணி நேரம்

இந்தத் தீபாவளிக்கு வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். புடவை விரித்துக் காட்டியது பேச்சியம்மாள். என்னை அடையாளம் தெரிந்தும் முகம் மாறவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நீயும் உட்காரேன் என்றேன்.

"நாங்க உக்காந்தா மேனேஜர் ஏசுவாரு சார். பத்து மணி நேரம் நிக்கேன், முட்டு தாங்கத்தான் செய்யுது."

ஆண்டறிக்கையில் 'தேர்வுகள் நேர்மையாக நடந்தன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதுதான் எங்கள் தொழிலின் சங்கடம்.