வெந்த கைக்குத் தெரியாத காய்ச்சல்

என் கையெழுத்து கோணல். பிழையும் ஜாஸ்தி. ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன். இதைத் திருத்திப் பத்திரிகையில் அச்சேற்றுகிறவர்கள் இந்த வாரமும் மன்னிக்க வேண்டும்.

போன மாதம் ஒரு நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். ஆம்பூரில் எங்கள் தோல் ஃபேக்டரிக்குப் பின்தெருதான் வீடு. என் நாலு வயது மகள் யாழினி போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள்.

"இன்னாங்க, காலையிலேர்ந்து இப்படியே படுத்திருக்கா. எனக்கென்னவோ இவ உடம்பு சுடுற மாதிரி தெரியுது. தொட்டுப் பாருங்களேன்" என்றாள் மனைவி சுமதி.

என்னைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. எனக்கு பிளேட்டிங் மெஷினில் வேலை. கொதிக்கும் தகட்டில் அழுத்தி எடுத்த தோலை உள்ளங்கையால் தடவி, சூடு பதமா இல்லையா என்று சொல்ல வேண்டியவன் நான். என் கை சொன்னால் சூப்பர்வைசரே மறுபேச்சு பேசமாட்டார்.

நெற்றியில் கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது.

"ஒண்ணுமில்ல, தூங்கட்டும்."

சுமதியும் நம்பினாள். நான் சோற்றைப் பிசைந்தேன்.

அப்போது பக்கத்து வீட்டு ஷகிலா, டிபன் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். போகிற போக்கில் குழந்தையின் கழுத்தில் புறங்கையை வைத்தாள். அவ்வளவுதான், கத்திவிட்டாள்.

"அல்லா! இன்னாண்ணே, அனலா கொதிக்குது?"

"இல்லம்மா, இப்பதான் தொட்டுப் பாத்தேன்..."

"இன்னாத்த பாத்தீங்க? அது மெஷின்ல வெந்த கை! அடுப்பத் தொட்டாக்கூட ஜில்லுன்னுதான் சொல்லும். எழுந்திரிங்கண்ணே!"

"யாழினி..." என்று கூப்பிட்டேன். கண்ணைப் பாதி திறந்தாள். என்னைப் பார்த்தாள் — ஆனால் நான் யாரென்று தெரிந்த பார்வை இல்லை அது.

எச்சில் கையோடு தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆட்டோவில் அவள் தலை என் தோளில் துவண்டு துவண்டு விழுந்தது. கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பிள்ளை பேசாத அந்தச் சின்னத் தூரம் எவ்வளவு நீளம் தெரியுமா?

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தெர்மாமீட்டர் வைத்தார். நூற்று நாலு.

"தண்ணி குடிச்சாளா? யூரின் எப்போ போனா?"

எனக்குத் தெரியவில்லை. "காலையில போனதுதான்" என்றாள் சுமதி.

டாக்டரம்மா திட்டவில்லை. ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றிய பிறகு சொன்னார்: "சூட்டை மட்டும் பாக்காதீங்க. புள்ளையப் பாருங்க. குடிக்கலைன்னா, யூரின் கம்மியானா, கூப்பிட்டா முழிக்கலைன்னா, மூச்சு வாங்கினா — உடனே தூக்கிட்டு வரணும். காய்ச்சல் இறங்கியும் சோர்ந்து கிடந்தா அதுவும் ஆபத்துதான்."

கடைசியாகச் சொன்னது என்னை விடவே இல்லை. காய்ச்சல் இருந்தபோது ஒரு பயம். அது இறங்கியபோது இன்னும் பெரிய பயம்! வீட்டுக்கு வந்தும், தூங்குகிற பிள்ளையை எழுப்பி எழுப்பித் தண்ணீர் கொடுத்தேன். புதிதாக வாங்கிய தெர்மாமீட்டர் சட்டைப் பையிலேயே இருந்தது.

"அண்ணே, அத அவ அக்குள்ல வைக்கணும். உங்க பாக்கெட்டுக்கா காய்ச்சல்?" என்று ஷகிலா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் உடம்பில் நாம் அதிகம் நம்புவது எதுவோ, அதைத்தான் சோதிக்காமல் விட்டுவிடுகிறோம்... இல்லையா?

யாழினி தேறி நாளாகிறது. அப்போதே எழுதியிருக்கலாம். ஆனால் 'நல்லாயிட்டா' என்று எழுதினால், காய்ச்சலின் காதில் விழுந்து திரும்பி வந்துவிடுமோ என்று பயம். சிரிக்காதீர்கள்.

இன்று காலை தெருவில் ஓடி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். அவள் அழுத அழுகை மெயின் ரோடு வரை கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் பேனாவை எடுக்கத் துணிச்சல் வந்தது.

எழுதிவிட்டேன் — கார்த்திகை மாதம், இரண்டாம் ஞாயிறு.