பிரஸ் ஷாப்பும் என் காதுகளும்

என் காது மந்தமாகிக்கொண்டிருப்பதை எனக்கு முன்பே கவனித்தவள் என் மனைவி. ஆனால் அவள் அதைக் காதுக் கோளாறு என்று நினைக்கவில்லை. திமிர் என்று நினைத்தாள்.

பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. இரும்புத் தகடுகளை பவர் பிரஸ்ஸில், டை எனும் வெட்டும் அச்சின் மேல் வைத்து அழுத்தி, வண்டிகளுக்கான சிறு பாகங்களாக வெட்டி எடுக்கும் பிரிவு. இருபது வருடத்துக்கு மேல் அங்கேதான் இருக்கிறேன். ஆபரேட்டராகச் சேர்ந்து, பிறகு லைன் லீடர் ஆனேன். மேலே தகரக் கூரை, கீழே சிமெண்டுத் தரை. நடுவில் வரிசையாக பிரஸ்கள். ஒவ்வொரு அடியும் கூரையில் மோதித் திரும்பி வரும். உள்ளே பேச வேண்டுமென்றால் பக்கத்தில் போய்க் காதில் கத்துவோம். இல்லையென்றால் கையைக் காட்டுவோம். எல்லோரும் கத்துகிற இடத்தில் யாருக்குக் காது கேட்கிறது, யாருக்குக் கேட்கவில்லை என்று எப்படித் தெரியும்?

வீட்டில்தான் தெரிந்தது. டிவி சத்தத்தை நான் கூட்டுவேன், மனைவி குறைப்பாள். மகள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பாள். மனைவி சமையலறையிலிருந்து ஏதாவது சொன்னால் நான் "ம்" என்பேன். பாதி நேரம் அவள் சொன்னது ஒன்று, நான் "ம்" போட்டது வேறொன்றுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பி குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தான். குர்மா தாளிக்கும் நேரத்தில் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் ஒரு சோப்பு வாங்கி வந்தேன். அவள் கேட்டது சோம்பு. மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் பிள்ளைகளும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை.

"ஒரு வாட்டி உள்ள வந்து இன்னா வேணும்னு கேட்டா கொறஞ்சா பூடுவீங்க? கம்பெனியில பேசினா மட்டும் நல்லா கேக்குது. நான் பேசினாத்தான் காதுல ஏற மாட்டேங்குது" என்றாள். அவள் சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் பேச்சில் பழைய தெருவின் வேகம் வந்துவிடும்.

எனக்கும் கோபம் வந்தது. அவள் முணுமுணுப்பாகப் பேசுகிறாள் என்றுதான் அப்போது உண்மையாகவே நம்பினேன். அவள் மட்டுமில்லை, கொஞ்ச காலமாக ஊரே முணுமுணுப்பாகப் பேசிக்கொண்டிருந்தது.

அந்த வருடம் மழைக்காலம் முடிந்ததும் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக் குழு ஒன்று எங்கள் பக்கம் வந்தது. சின்னத் தொழிற்சாலைகளில் சத்தம் தொழிலாளிகளை என்ன செய்கிறது, எதைச் செய்தால் தடுக்க முடியும் என்று பார்க்கும் ஆராய்ச்சி. அதை நடத்தியவர் முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டிய ஒரு டாக்டரம்மா. ஸ்கூட்டரில் வருவார். தாய்மொழி கன்னடம். அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய தமிழும் பேசுவார்.

முதலாளி அவர்களை உள்ளே விட்டதற்குக் காரணம், எங்களிடம் பொருள் எடுக்கும் பெரிய கம்பெனி தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றி ஆடிட்டில் கேட்க ஆரம்பித்திருந்ததுதான். ஆட்களோ பயந்தார்கள். எல்லோரையும் விட அதிகமாக பயந்தவர் மூன்றாவது பிரஸ் ஆபரேட்டர். ஆம்பூர்ப் பக்கத்துக்காரர், என்னை விட மூத்தவர், ஆனாலும் லைன் லீடர் என்பதால் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"செவிடுன்னு எழுதிக் குடுத்துட்டாங்கன்னா ஓனர் கணக்கத் தீர்த்து அனுப்பிடுவாரு அண்ணே. நான் வரல" என்றார்.

நான் அதை அப்படியே டாக்டரிடம் சொன்னேன். அவர் எல்லோரையும் கேன்டீனில் உட்காரவைத்துப் பேசினார்.

"யாருக்கு எவ்ளோ கேக்குதுன்னு உங்க ஓனருக்குச் சொல்ல மாட்டோம். அது உங்களுக்கு மட்டும்தான். ஓனருக்கு மொத்தமா, இந்த ஷெட்டுல இப்படி இருக்குன்னு மட்டும் சொல்வோம். வர இஷ்டம் இல்லைன்னா வர வேணாம். பலவந்த இல்ல."

மூன்றாவது பிரஸ்காரர் வரவில்லை. நான் போனேன். போகாவிட்டால் மற்றவர்களும் போக மாட்டார்கள் என்பதுதான் காரணம். எனக்கு ஏதோ இருக்கிறது என்று நினைத்துப் போகவில்லை.

சத்தத்தில் வேலை செய்து களைத்த காதைச் சோதிக்கக்கூடாதாம். அதனால் காலை ஷிப்ட் தொடங்குவதற்கு முன்பே வரச் சொன்னார்கள். முற்றத்தில் ஒரு வேன் நின்றது. அதற்குள் கெட்டியான சுவர் வைத்த ஒரு சின்ன அறை. ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்டதும் அழுத்தச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். டாக்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

முதலில் 'பூ பூ' என்று கேட்டது. அழுத்தினேன். சத்தம் மெலிந்துகொண்டே போனது, அழுத்திக்கொண்டே இருந்தேன். பிறகு நின்றுவிட்டது. அடுத்தது தொடங்கும் என்று காத்திருந்தேன். மெஷினில் ஏதோ தகராறு போலிருக்கிறது என்று நினைத்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் அவர் குனிந்து எதையோ திருப்பிக்கொண்டிருந்தார். வெகுநேரம் ஆனது போலிருந்தது. கடைசியில் கதவைத் தட்டினேன்.

அவர் வந்து திறந்தார்.

"மேடம், மெஷின் நின்னு போச்சுன்னு நினைக்கறேன்."

பக்கத்தில் வந்து, என் முகத்துக்கு நேரே நின்று, மெதுவாகச் சொன்னார்: "நிக்கல அண்ணா. இவ்ளோ நேரம் ஓடிட்டுதான் இருந்துச்சு."

மறுபடி உட்காரவைத்து முடித்தார். பிறகு திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். இடப் பக்கம் மேலே நேராகப் போய், பாதியில் சரிந்து, பள்ளத்தில் இறங்கியிருந்தது.

"ஆ, ஓ, ம், இந்த மாதிரி கனமான சத்தம் உங்களுக்கு நல்லாவே கேக்குது. ச, த, ப, இந்த மாதிரி சன்ன சத்தம்தான் போயிருக்கு. அதனால ஒருத்தர் பேசறாங்கன்னு தெரியும். என்ன பேசறாங்கன்னு சரியா தெரியாது. லேடீஸ் பேசினா, குழந்தைங்க பேசினா இன்னும் கஷ்டம்."

"மாத்திரை ஏதாவது சாப்பிட்டா வருமா மேடம்?"

"வராது அண்ணா. மிச்சம் இருக்கறத காப்பாத்தலாம்."

அன்று ஷிப்டில் பிரஸ்களின் அடி வழக்கம்போல எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. சண்டையிலிருந்து தப்பிக்க நான் கண்டுபிடித்த புதுச் சாக்கு என்று நினைத்திருப்பாள். எழுந்து சமையலறைக்குப் போய், என்னைச் சோதித்துப் பார்க்க எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனைவி ஏதோ சொன்னாள்.

"தயிரா?" என்றேன்.

மகள் தலையை ஆட்டினாள். "இல்லப்பா. 'பயறு'ன்னு சொன்னாங்க."

மனைவி இன்னொரு முறை ஏதோ சொன்னாள். நான் சொன்னது தப்பு. அதற்கடுத்ததும் தப்பு. கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "அப்போ இத்தினி நாளா நான் செவுத்துகிட்டயா சண்டை போட்டுக்கினு இருந்தேன்?" என்று கேட்டாள். குரலில் கோபம் இருந்ததா, அழுகை இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தேன். இரண்டும் இருந்தன. அதன்பிறகு அவள் என்னைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டதே இல்லை. எதிரில் வந்து நின்றுதான் பேசுவாள்.

டாக்டர் குழு எங்கள் எல்லோருக்கும் இயர் பிளக் கொடுத்தது. விரலால் உருட்டி, மெல்லியதாக்கி, காதுக்குள் செருக வேண்டும். எப்படிச் செருகுவது என்று ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் சில நாள் எல்லோர் காதிலும் மஞ்சளாகத் தெரிந்தது. பிறகு சட்டைப் பைக்கு இறங்கியது. அப்புறம் அதுவும் காணோம். டாக்டர் வருகிற நாளில் மட்டும் மறுபடி காதுக்கு ஏறும். அவருக்கும் அது தெரியும்.

லைன் லீடர் என்கிற முறையில் நான் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். மூன்றாவது பிரஸ்காரர் தன் வலக்கையை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். வேறொரு கம்பெனியில் வேலை செய்தபோது ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்ட கை அது.

"டை லூசாச்சுன்னா சத்தம் மாறும். அதக் கேட்டுத்தான் கைய இழுக்கறேன். காதை அடைச்சிக்கினு வேலை செஞ்சா கை பூடும் அண்ணே. காது போனாக்கூட சோறு தின்னலாம்."

அடுத்த முறை டாக்டர் வந்தபோது, அவர் முன்னாலேயே அந்த ஆளைச் சொல்லவைத்தேன். டாக்டர் அவருடைய விரலைப் பார்த்தார். கோபப்படவில்லை. "அவர் சொல்றது நியாயம்தான். அப்போ காதை மூடறத அப்புறம் பாக்கலாம். சத்தத்த மூட முடியுதான்னு மொதல்ல பாக்கலாம்" என்றார்.

அடுத்த வாரம் சத்தத்தை அளக்கும் கருவியோடு வந்து ஷெட் முழுக்க நடந்தார். ஒவ்வொரு பிரஸ்ஸிடமும் நின்றார். பிரஸ்ஸை நிறுத்தி அளந்தார், ஓட்டி அளந்தார். எங்கள் எல்லோருக்கும் பிரஸ்ஸின் அடிதான் சத்தம். அவர் ஒரு கட்டத்தில், அடிக்கட்டும், காற்றை மட்டும் நிறுத்துங்கள் என்றார். வெட்டிய பாகம் டையில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, ஒரு மெல்லிய குழாய் வழியாகக் கம்ப்ரஸர் காற்று பீய்ச்சிக்கொண்டே இருக்கும். 'ஸ்ஸ்' என்று அது நாள் முழுக்க ஓடும். நான் வால்வை மூடினேன். டாக்டர் கருவியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எண் நன்றாக இறங்கியிருந்தது. எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அந்தச் சத்தம் எனக்குக் கேட்காமல் போய் எத்தனை வருடமோ.

இன்னொரு சத்தம், வெட்டிய பாகங்கள் இரும்புத் தொட்டியில் விழுவது. அதையும் அவர் குறித்துக்கொண்டார்.

முதலாளி தன் அறையில் டாக்டரையும் என்னையும் நிற்கவைத்தே கேட்டார். காற்றுக் குழாயின் முனையை மாற்றுவது, தொட்டிக்குள் ரப்பர் ஒட்டுவது, இவ்வளவுதான் என்று டாக்டர் விளக்கினார். முதலாளி என்னைப் பார்த்தார். நான், செய்து பார்க்கலாம் சார் என்றேன்.

"ஒந்து பிரஸ்ல மட்டும் பாருங்க. புரொடக்ஷன் கம்மி ஆகக்கூடாது, அஷ்டே, அவ்ளோதான்" என்று கன்னடம் கலந்து சொன்னார்.

மூன்றாவது பிரஸ்ஸைத்தான் எடுத்துக்கொண்டோம். முதல் நாளே சொதப்பியது. புது முனையிலிருந்து வந்த காற்றுக்கு வேகம் போதவில்லை. பாகங்கள் டையிலேயே ஒட்டி நின்றன. ஆபரேட்டர் ஒவ்வொன்றையும் கொக்கியால் தள்ளிவிட வேண்டியிருந்தது. மதியத்துக்குள் அவர் பொறுமை போய்விட்டது. "பழசையே மாட்டுங்க அண்ணே. படிச்சவங்க விளையாடறதுக்கு என் பிரஸ்தான் கெடச்சுதா?" என்று கத்தினார். அது எனக்கு நன்றாகவே கேட்டது.

பழசை மாட்டிவிட்டு, ஷிப்ட் முடிந்ததும் மெயின்டனன்ஸ் ஆளும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். பழைய குழாய் நின்ற அதே தூரத்தில் புதியதை வைத்ததுதான் கோளாறு. கிட்டே கொண்டுவந்து, சாய்த்து, பாகத்தின் விளிம்பில் காற்று படுகிற மாதிரி வைத்தோம். தொட்டிக்குள் பழைய கன்வேயர் பெல்ட்டை வெட்டி ஒட்டினோம். மறுநாள் பாகங்கள் ஒழுங்காக விழுந்தன. மாலையில் கை கழுவும் இடத்தில் ஆபரேட்டர், "தலை வலிக்கல இன்னிக்கு" என்று மட்டும் சொன்னார்.

முதலாளிக்குத் தலைவலியைப் பற்றி அக்கறை இல்லை. ஆனால் காற்று குறைவாகச் செலவானதால் கம்ப்ரஸர் அவ்வப்போது ஓய்ந்து நிற்பதைக் கவனித்தார். கரண்டு மிச்சம் என்று புரிந்ததும், மீதி பிரஸ்களுக்கும் மாற்றச் சொன்னார். கம்ப்ரஸரையே ஷெட்டுக்கு வெளியே தள்ளிவைக்கவும் அனுமதித்தார். டாக்டருக்கு அந்தக் காரணம் பிடிக்காமல் போயிருக்கும் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "காரணம் எதுவானா என்ன அண்ணா, மாத்திட்டாரு இல்ல" என்றார்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. பிரஸ்ஸின் அடி அடிதான். டாக்டர் எழுதிக்கொடுத்த பரிந்துரையில் கூரைக்கடியில் சத்தம் உறிஞ்சும் பலகைகள் பொருத்துவதும் இருந்தது. இன்றுவரை அது நடக்கவில்லை. ஆனால் ஷெட்டில் நடந்து போகிறவர்கள், கையைப் பிரஸ்ஸில் வைக்காதவர்கள், இப்போது பிளக் போடுகிறார்கள். டை லூசாக இருந்தால் பிரஸ் தானாக நின்றுவிடும் ஏற்பாடு இரண்டு மெஷின்களில் வந்திருக்கிறது. அவற்றை ஓட்டுகிறவர்களும் போடுகிறார்கள்.

ஒரு வருடம் கழித்து வேன் மறுபடி வந்தது. என் கோடு போன முறை இருந்த இடத்திலேயே இருந்தது. மேலே ஏறவில்லை, இன்னும் சரியவும் இல்லை. அதுவே நல்ல சேதி என்றார் டாக்டர். அவர் சொல்லி ஒரு காது மெஷின் வாங்கினேன். முதல் சில நாள் தட்டு வைக்கும் சத்தமும், பாலித்தீன் கவர் கசங்கும் சத்தமும் என்னைப் பாடாய்ப் படுத்தின. கழற்றி எறிந்துவிடலாம் என்றிருந்தது. மகள் விடவில்லை. இப்போது வீட்டில் போட்டுக்கொள்கிறேன்.

நான் வேனிலிருந்து இறங்கியபோது மூன்றாவது பிரஸ்காரர் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

"வலிக்குமா?" என்று கேட்டார்.

"வலிக்காது. சும்மா உட்காரணும்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். செருப்போடு போகலாம் என்று சொல்ல நினைத்தேன், அதற்குள் கதவு மூடிவிட்டது. எவ்வளவு கேட்கிறது என்று அவர் பிறகு என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று முதல் அவரிடம் பேசும்போது நான் நேரே நின்று பேசுகிறேன். அவரும் என் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்.