கத்தியோடு ஒரு பிளாஸ்திரி

கத்தியைக் கையில் வாங்கியதும் சாணைக்கார அக்கா முதலில் மோந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

"எலுமிச்சம்பழம் நறுக்கிட்டு அப்படியே போட்டு வச்சிருக்கீங்க. கழுவுறதுக்கு என்னவாம்?" என்பார். கத்தி கொண்டுவந்த அம்மாள், வீட்டு விஷயத்தை யார் இங்கே வந்து வத்திவைத்தது என்று சுற்றுமுற்றும் பார்ப்பார். அதற்குள் அடுத்தவருக்கு ஒரு போடு விழும். "மீன் வெட்டுற கத்தியிலயே கேக்கும் வெட்டுறீங்க. வீட்ல யாரும் ஒண்ணும் சொல்லலையா?" வரிசையில் பின்னால் நிற்பவர்கள் தங்கள் கத்திகளைச் சத்தமில்லாமல் கைக்குட்டையில் துடைத்துக்கொள்வார்கள்.

பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், சலூனுக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், ஷட்டர் போட்ட ஒற்றை அறைதான் சாணைக்கார அக்காவின் கடை. மோட்டார் வைத்த சாணைச் சக்கரத்தின் மேல் ஒரு டப்பாவிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். தீட்டுக்கற்கள் வாளியில் ஊறும். மூலையில் ஒரு மரக்கட்டை. அதில் கைப்பிடி அளவுக்கு இரும்பை வைத்துத் தட்டுகிற ஒரு குட்டிப் பட்டறைக்கல்லை அறைந்து வைத்திருக்கிறார். உட்கார ஒரு பெஞ்சு உண்டு. அதில் பாதியைப் பக்கத்துச் சலூன்காரர் நிரந்தரமாகப் பிடித்து வைத்திருக்கிறார். தன் கடையில் ஆள் வந்தால் மட்டும் எழுந்து போவார்.

அக்காவின் இடது கையில், முழங்கைக்குக் கீழே மருந்துக்குக்கூட ஒரு ரோமம் கிடையாது. தீட்டி முடித்த எந்தக் கத்தியையும் அங்கேதான் வைத்துப் பார்ப்பார். வலது கை எல்லோருடைய கை மாதிரிதான் இருக்கும். "இந்தக் கையைப் போட்டோ பிடிச்சு என் கடை போர்டுல போடணும்க்கா. எனக்கே இவ்வளவு சுத்தமா வழிக்க வராது" என்பார் சலூன்காரர். "வராதுதான்" என்பார் அக்கா. தன்னடக்கத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். வேலையை முடித்துக் கொடுக்கும்போது "நல்லா இருக்கா பாருங்க" என்று சொல்கிற வழக்கமே இல்லை. "நல்லா இருக்கும்" என்று சொல்லித்தான் கொடுப்பார். இருக்கவும் இருக்கும்.

கொடுக்கும் விதமும் தனி. கத்தியைச் செய்தித்தாளில் சுற்றி, அதன் மேல் ஒரு பிளாஸ்திரியையும் வைத்து நீட்டுவார். "மொக்கைக் கத்தியோட பழகின கை. முதல் நாள் ஒரு வெட்டு உண்டு. வச்சுக்கங்க." சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். மறுநாளே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வருவார்கள். சண்டைக்குத்தான் வருகிறார்கள் என்று நினைத்தால் அது நம் தப்பு. அடுத்த கத்தியையும் எடுத்துக்கொண்டு வந்திருப்பார்கள். அந்த விரல்களைப் பார்க்கிறபோது அக்காவின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். பெற்ற பிள்ளை பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்த மாதிரி இருக்கும்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. சொந்தக்காரர் தன் கையால் தராத கத்தியைத் தொட மாட்டார். மேசையில் வைத்துவிட்டுப் போனால் அது அங்கேயே கிடக்க வேண்டியதுதான். "ஒவ்வொருத்தர் கைக்கும் ஒரு மாதிரி தேஞ்சிருக்கும். கேக்காம தொடுறது அடுத்தவங்க செருப்பை மாட்டிக்கிட்டுப் போற மாதிரி" என்பார்.

இத்தனை பேர் நம்பிக் கொடுத்தும், ஒரே ஒருவர் மட்டும் தன் அரிவாளை அக்காவிடம் கொடுத்ததில்லை. அவர் வேறு யாருமில்லை, அக்காவின் வீட்டுக்காரர்.

அவரைப் புல்லுக்காரர் என்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் வளாகத்தில் புல் அறுப்பது அவர் வேலை. நின்றபடியே வீசி அறுக்கும் நெட்டை அரிவாள் அவருடையது. ஆள் உயரக் கம்பு, நுனியில் கொக்கு மூக்காக வளைந்த நீள அலகு. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு தினமும் மனைவியின் கடை வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போவார். "வரேன்" என்பார். அரிவாள் மட்டும் தோளை விட்டு இறங்காது. சலூன்காரர் சும்மா இருப்பாரா? "ஊர்க் கத்தியெல்லாம் உள்ள வருது. வீட்டு அரிவாள் வாசலோட போகுதே, அக்கா" என்பார். அக்கா மோட்டாரைப் போட்டுவிடுவார். சத்தத்தில் மேற்கொண்டு ஒன்றும் கேட்காது.

காரணம் இல்லாமல் இல்லை. கல்யாணமான புதிதில்தான் அக்கா இந்த மோட்டார் சக்கரத்தை வாங்கினார். புதுப் புருஷனுக்குத் தன் கைவரிசையைக் காட்டாமல் இருக்க முடியுமா? நெட்டை அரிவாளை வாங்கிச் சக்கரத்தில் வைத்து அழுத்தினார். பொறி பறந்தது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. நிறுத்திப் பார்த்தால் விளிம்பு நீலம் பாரித்துக் கிடந்தது. அப்படிச் சூட்டில் வெந்த இரும்பில் கூர் நிற்காது. மறுநாள் அவர் பாதிப் பாத்தி அறுப்பதற்குள் அலகு மழுங்கிவிட்டது. சாயந்திரம் வந்தவர், கம்பிலிருந்து அலகைக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்தார்.

"நீயே வச்சுக்க."

அவ்வளவுதான். ஒரு திட்டு கிடையாது. திட்டியிருந்தால் அன்றோடு ஆறிப்போயிருக்கும். வேறு அலகு வாங்கிக்கொண்டார். அதைத் தானே கல்லில் நாலு இழுப்பு இழுத்துக்கொண்டார். நீல அலகு சமையலறை ஆணியில் ஏறியது. இத்தனை வருஷமும் காபி போடும்போதெல்லாம் அக்கா அதைப் பார்த்துக்கொண்டுதான் போட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு யாருடைய நெட்டை அரிவாளையும் அக்கா சக்கரத்தின் பக்கமே கொண்டுபோனதில்லை. விளிம்பைப் பட்டறைக்கல்லில் வைத்து, சூடு காட்டாமல், சுத்தியலால் நூல் பிசகாமல் தட்டித் தட்டி மெலிதாக்குவார். கடைசியில்தான் கல். இதற்கென்றே தோட்டக்காரர்கள் பஸ் ஏறி வருகிறார்கள். புல்லுக்காரருக்கும் இது தெரியும். யாராவது எடுத்துச் சொன்னால் "இருக்கட்டும், இருக்கட்டும்" என்பார்.

போன மாதம் ஒருநாள் சாப்பிடும்போது திடீரென்று சொன்னார். "கை போயிடுச்சு. தோளைத் தூக்கவே முடியலை. மாசக் கடைசியோட நின்னுக்கறேன்னு மேஸ்திரிகிட்ட சொல்லிடப் போறேன்."

மகளுக்குப் போன் போட்டால், அவள் அப்பா பக்கம். "வயசாச்சேம்மா. விடு, ஓய்வெடுக்கட்டும்" என்றாள். ஓய்வாம். புல்லைத் தவிர வேறு எதைப் பற்றியும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர். காலையில் எழுந்து எங்கே போவார்? வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புருஷனை நினைக்க நினைக்க அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுக்குக் கத்திகளைக் கொடுக்கப் போனவர், வழியில் புல்தரையில் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். முந்தின நாள் அறுத்த புல் அது. நுனியெல்லாம் கிழிந்து, நார் நாராக வெளுத்துக் கிடந்தது. கூரான அலகு பட்ட நுனி இப்படி இருக்காது. வருஷக்கணக்காகக் கல்லில் மட்டுமே இழுத்ததில் அலகின் விளிம்பு தடித்துவிட்டது. அந்தத் தடித்த இரும்பை மனிதர் தோள் பலத்தால் இழுத்துக்கொண்டிருக்கிறார்.

"கை போகலீங்க, கூர்தான் போயிருக்கு" என்று வீட்டில் சொல்லிப் பார்த்தார்.

"உனக்கு எல்லாத்துக்கும் கூர்தான்" என்று அவர் கை கழுவ எழுந்துவிட்டார்.

"அவர் அசந்த நேரத்துல எடுத்துத் தட்டிட வேண்டியதுதானே?" என்று சலூன்காரர் யோசனை சொன்னார்.

"புருஷன்னா மட்டும் என்ன? அவர் கையால தரட்டும். வரிசையில வரட்டும்" என்றார் அக்கா. சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்று வீட்டுக்குப் போய் நீல அலகை ஆணியிலிருந்து எடுத்தார். அது இப்போது அக்காவுடையதுதானே! புருஷன் கையாலேயே கொடுத்தது, வாயாலேயே வச்சுக்கச் சொன்னது.

கடையில், வாடிக்கையாளர்களின் கத்திகளுக்கு நடுவே, எல்லோரும் பார்க்கத்தான் அந்த வேலை நடந்தது. துருவை உப்புத்தாளால் போக்கினார். மோட்டாரைத் தொடவில்லை. வெந்த விளிம்பை ஈரக் கல்லில் கையாலேயே தேய்த்தார். நாள் கணக்காகத் தேய்த்தார். அலகு அரை விரல் ஒடுங்கிய பிறகு நல்ல இரும்பு எட்டிப் பார்த்தது. பிறகு சுத்தியலை எடுத்தார். "என் சவரக்கத்தி என்ன ஆச்சுக்கா?" என்ற சலூன்காரருக்கு "உக்காருங்க" என்ற ஒரு வார்த்தைதான் கிடைத்தது. கம்பு பொருத்தி முடித்ததும் வழக்கம்போல இடது கையில் வைத்துப் பார்க்கப் போனார். அங்கே வழிக்க என்ன இருக்கிறது? அன்றைக்கு முதல் தடவையாக வலது கையைக் கொடுத்தார்.

காலையில் ஷட்டரைத் தூக்காமல் அந்த அரிவாளோடு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். புல்லில் ஈரம் உலரவில்லை. புல்லுக்காரர் தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். அக்கா பக்கத்துப் பாத்தியில் இறங்கி வீச ஆரம்பித்தார். தீட்டத் தெரிந்த அளவுக்கு அவருக்கு அறுக்கத் தெரியாது. புல்தரை புழுவெட்டு விழுந்த தலை மாதிரி ஆனது. ஆனால் அலகு போன இடத்தில் எல்லாம் புல் மறுபேச்சில்லாமல் படுத்தது.

புல்லுக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"கையை வீசாத. இடுப்பைத் திருப்பு."

"வரலீங்க."

"குடு இப்படி."

வாங்கி ஒரு வீச்சு வீசினார். நின்றார். அலகைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கத்தில், கூருக்கு இடைஞ்சல் இல்லாத இடத்தில், நகக்கண் அளவுக்கு நீலத்தை அக்கா வேண்டுமென்றே விட்டு வைத்திருந்தார்.

"இது அதுவா?"

"அதேதான்."

புல்லுக்காரர் மறுபடி வீசினார். அந்தப் பாத்தியைக் கடைசி வரைக்கும் அறுத்துக்கொண்டு போனார். திரும்பி அடுத்த பாத்தியில் வந்தார். தோளைப் பிடித்துக்கொள்ள நினைவே வரவில்லை. அக்கா வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். கடை திறக்க நேரமாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

மத்தியானம் வரிசையில், ரொட்டி வெட்டும் கத்தி வைத்திருந்த ஒரு அம்மாளுக்குப் பின்னால், புல்லுக்காரர் தன்னுடைய அரிவாளோடு நின்றார். சலூன்காரர் வாயைத் திறந்தார். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். முறை வந்ததும் புல்லுக்காரர் அரிவாளை இரண்டு கையாலும் நீட்டினார். அக்கா எல்லோருக்கும் செய்வதுபோல மோந்து பார்த்தார்.

"ஈரத்தோட வைக்கிறீங்க. துடைக்கிறதில்லை."

"சக்கரத்துல வைக்காத."

"வைக்க மாட்டேன்."

வேறு எந்த அரிவாளுக்கும் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. வரிசையும் முணுமுணுக்கவில்லை. முடித்து, அலகைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே பிளாஸ்திரியை வைத்துக் கொடுத்தார்.

"இது எனக்கெதுக்கு? இந்த வேலையிலயே தலை நரைச்சவன் நான்" என்று பிளாஸ்திரியை மேசையில் வைத்துவிட்டுப் போனார் புல்லுக்காரர்.

"கிடக்கட்டும். யாரும் எடுக்காதீங்க" என்றார் அக்கா.

மறுநாள் சாயந்திரம் கடையில் நல்ல கூட்டம். புல்வாசனை முதலில் வந்தது, பின்னாலேயே புல்லுக்காரர் வந்தார். "மேஸ்திரிகிட்ட ஒண்ணும் சொல்லலை. பின்பக்கம் பூரா இன்னும் அறுக்க வேண்டியிருக்கு" என்றார், யாரையும் பார்க்காமல், பொதுவாக. பிறகு வரிசையைத் தாண்டி வந்து, வைத்த இடத்திலேயே கிடந்த பிளாஸ்திரியை எடுத்தார். கட்டைவிரலில் சுற்றியிருந்த கைக்குட்டையை அவிழ்த்து, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிகிற மாதிரி விரலை உயர்த்தி, அக்காவிடம் நீட்டினார்.

"நீயே ஒட்டி விடு."

அக்கா மோட்டாரை நிறுத்தினார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அந்த விரலைப் பிடித்து, ஊரே பார்க்கட்டும் என்று அவசரமே இல்லாமல் ஒட்டிவிட்டார்.