அடுத்தடுத்து இரண்டு அழுகல்

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கணினி நிரல்மொழிக் கையேட்டிலுள்ள எடுத்துக்காட்டை எழுத்தெழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்கிறார் அக்கா. வெட்டி ஒட்டினால் இரண்டு நொடி வேலை. மாட்டார். "ஒட்டுனா கண்ணு பார்க்காது, தட்டுனாத்தான் பார்க்கும்" என்பது அவர் கட்சி. தட்டியதை உடனே ஓட்டியும் பார்ப்பதால், அலுவலகத்தில் அவருக்கு 'ஓட்டிப்பாரு அக்கா' என்றே பெயர்.

சாப்பாட்டு இடைவேளையில் மற்றவர்கள் ஊர்க்கதை பேச, அக்காவின் ஒரு கையில் கரண்டி, மறு கையில் கையேட்டில் அவர் கண்ட பிழைகளின் பட்டியல். இதுவரை நாற்பத்தொரு எடுத்துக்காட்டுகளைத் திருத்த வைத்திருக்கிறார்.

நாற்பத்திரண்டாவதுதான் மல்லுக்கு நின்றது. ஒரு பழப்பட்டியல்: நல்லது, அழுகல், நல்லது, அழுகல். வரிசையாகப் பார்த்துக்கொண்டே அழுகலை நீக்கச் சொல்கிறது எடுத்துக்காட்டு. ஓடும், விடையும் சரியாகவே வரும். ஆனால் ஒன்றை நீக்கியதும் பின்னால் இருப்பது அந்த இடத்துக்கு நகர்ந்துவிடும். நிரலோ அதைப் பார்க்காமலே தாண்டிப் போய்விடும். அடுத்தடுத்து இரண்டு அழுகல் இருந்தால் இரண்டாவது தப்பித்துக்கொள்ளும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை வேதவாக்காக நம்பி, ஒரு மருந்துக்கடைக்குக் காலாவதி மருந்துகளை நீக்கும் நிரலை எழுதிக் கொடுத்தவர் அக்கா. அங்கே அடுத்தடுத்து இரண்டு காலாவதி. தப்பிய இரண்டாவது, ஒரு கைக்குழந்தைக்குப் போக இருந்தது. கடைக்காரர் புட்டியைத் திருப்பித் தேதியைப் பார்த்துத் தடுத்தார். இன்னொருவர் அதே பக்கத்தை நம்பிவிடக் கூடாது, அக்காவுக்கு அவ்வளவுதான்.

கையேட்டைப் பராமரிப்பவரோ, ஓடுகிற நிரலில் என்ன தப்பு என்று மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார். ஒவ்வொரு முறையும் அக்காவின் விளக்கம் வளர்ந்து ஏழு பக்கமாயிற்று. நான்காம் முறை அனுப்பும்முன் அக்காவின் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏழு பக்கமா? கட்டின பாவத்துக்குக்கூட நான் படிக்க மாட்டேன். அவரு படிப்பாராக்கும்."

அக்கா முறைத்தார். பிறகு ஏழு பக்கத்தையும் அழித்தார். பழைய எடுத்துக்காட்டில் இரண்டாவது அழுகலை மட்டும் முதல் அழுகலுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். கீழே ஒரே வரி: "ஓட்டிப் பாருங்க."

மறுநாள் பதில் வந்தது: ஓட்டியதும் இரண்டாவது அழுகல் அப்படியே நின்றதாம். பராமரிப்பவரே தன் நிரல்களில் பல வருடமாக அப்படித்தான் எழுதிவருகிறாராம். நல்லவற்றை மட்டும் புதுப் பட்டியலில் சேர்க்கும்படி எடுத்துக்காட்டை மாற்றிவிட்டதாகவும் எழுதியிருந்தார்.

அலுவலகமே கைதட்டியது. அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். திருத்திய பக்கத்தைத் திறந்து, முதல் எழுத்திலிருந்து தட்டத் தொடங்கினார்.